முத்துப்பேச்சியைத் தேடி வந்த நிலைவாசல்

இதை முதன்முதலில் எனக்குச் சொன்னது பவுலம்மாள், அந்தக் காப்பகத்தில் படுக்கை விரிப்புகளைத் துவைக்கிறவள். சொன்னது போன வருஷம் சாம்பல் புதன் அன்று. பூசை முடிந்து கோயில் படியிறங்கும்போது ஆரம்பித்தாள், நெற்றிச் சாம்பல் வியர்வையில் கரைந்து மூக்குக்கு வருவதற்குள் பாதியை முடித்துவிட்டாள், மீதியைப் பேருந்து நிறுத்தத்தில் வைத்துச் சொன்னாள். அதன்பிறகு நான் வேறு ஆட்களிடமும் விசாரித்தேன். ஒருவர்கூட இல்லையென்று சொல்லவில்லை. "ஆமா, வந்துச்சு" என்றார்கள், வெளியூரிலிருந்து கொழுந்தனார் வந்ததைச் சொல்வதுபோல. சொல்லிவிட்டு வெயிலைப் பற்றிப் பேசப் போய்விட்டார்கள். அதனால் நானும் அதை எப்படிக் கேட்டேனோ அப்படியே சொல்கிறேன்.

திண்டுக்கல்லை விட்டு சிறுமலைப் பக்கம் போகிற சாலையில், கடைகள் முடிந்து புளியமரங்கள் தொடங்குகிற இடத்தில், இனிமேல் மருந்தால் ஆவதற்கொன்றுமில்லை என்று பெரிய ஆஸ்பத்திரிகள் கைவிட்டவர்களைக் கொண்டுவந்து, வலி தெரியாமல் வைத்துப் பார்த்துக்கொள்கிற காப்பகம் ஒன்று இருக்கிறது. அங்கே டாக்டர் உண்டு, நர்சுகள் உண்டு, அவர்கள் போக, சும்மா வந்து கட்டிலருகில் உட்கார்ந்துவிட்டுப் போகிற சில பெண்களும் உண்டு. கையைப் பிடித்துக்கொள்வார்கள், நகம் வெட்டிவிடுவார்கள், காய்ந்த உதட்டில் பஞ்சை நனைத்து ஒற்றுவார்கள், பேசச் சொன்னால் பேசுவார்கள், பேசாதே என்றால் பேசாமலிருப்பார்கள். சம்பளம் கிடையாது. மத்தியானம் சோறும் ரசமும் உண்டு. அவர்களை அங்கே எல்லோரும் 'உட்காருகிறவங்க' என்றுதான் சொல்வார்கள்.

அப்படி உட்காருகிறவர்களில் ஒருத்தி லூர்தம்மாள். மூன்று பிள்ளைகளையும் வளர்த்துக் கட்டிக்கொடுத்து, அவர்கள் திருப்பூரிலும் ஓசூரிலும் வேர்பிடித்துவிட்டபிறகு, வீட்டில் ஒரு ஆழாக்கு அரிசிக்கு மேல் வேகவைக்க வேலையில்லாமல் கை சும்மா இருந்ததால் அங்கே போனவள். ரேஷன் கடை வரிசையில் யாராவது குறுக்கே நுழைந்தால் "பரவால்ல, நீங்க வாங்குங்க" என்று ஒதுங்குகிறவள். அவள் குரல் உயர்ந்து அவள் புருஷன்கூடக் கேட்டதில்லை, அவர் இருந்தவரைக்கும்.

காப்பகத்தின் பொறுப்பிலிருந்த சிஸ்டர் ரெமிஜியா, புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் முதல்நாளே ஒன்றைச் சொல்லிவிடுவார். "இங்கே யாருக்கும் வாக்குக் கொடுக்காதீங்க. சரியாயிடும்னு சொல்லாதீங்க, செஞ்சு தாரேன்னும் சொல்லாதீங்க. நம்மால முடிஞ்சது கூட இருக்கிறது. அது மட்டும்தான்." லூர்தம்மாள் அதைத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டவள்தான், முத்துப்பேச்சி வருகிறவரைக்கும் அதைக் காப்பாற்றியவள்தான்.

முத்துப்பேச்சி பணியாரக்காரி. இளவயதில் மில்லில் நூல் ஓட்டி, மில்லை மூடியபிறகு, தான் குடியிருந்த வாடகை வீட்டின் வாசலுக்கு வெளியே அடுப்பு வைத்து, சாயங்காலமெல்லாம் குழிப்பணியாரம் சுட்டு அந்தச் சந்து முழுவதையும் வளர்த்தவள். பிள்ளை இல்லை, உடன்பிறப்பு இல்லை. வயிற்றில் கட்டி வந்து, கட்டி கல்லீரலுக்கு ஏறி, ஆள் ஒரு தலையணை கனத்துக்கு வந்துவிட்டாலும் வாய்மட்டும் பணியாரம் புரட்டுகிற கம்பிபோலக் கூராகவே இருந்தது.

"நீ என்னத்துக்கு இங்க உட்கார்ந்திருக்க?" என்று கேட்டாள் முதல்நாள்.

"சும்மா, கூட இருக்கத்தான்."

"நான் என்ன கல்யாணப் பொண்ணா, தோழி வேணுமாக்கும்?"

"வேணாம்னா எந்திரிச்சுப் போறேம்மா."

"போறதுன்னா போங்கக்கா. போறதுக்கு முன்னாடி அந்த இடது காலைக் கொஞ்சம் அமுக்கிவிட்டுட்டுப் போங்க."

லூர்தம்மாள் அமுக்கிவிட ஆரம்பித்தாள், பிறகு போகவேயில்லை. புதன்கிழமை மட்டும் வந்துகொண்டிருந்தவள் தினமும் வர ஆரம்பித்தாள். அப்படிக் காலை அமுக்கிக்கொண்டிருந்த ஒரு பகலில்தான் முத்துப்பேச்சி தன் புருஷனைப் பற்றிச் சொன்னாள்.

"அவரு பெரியாஸ்பத்திரியில போனாருக்கா. வண்டியில ஏத்தி வீட்டுக்குக் கொண்டாந்தோம். சந்து முக்குல வீட்டுக்காரரு, தனக்கோடி அண்ணாச்சி, கையை விரிச்சுக்கிட்டு நிக்கிறாரு. வாடகை வீட்டுக்குள்ள பொணம் வரக் கூடாதுங்கிறாரு. நான் கால்ல விழுந்தேன். மத்த குடித்தனமெல்லாம் கதவைச் சாத்திக்கிட்டாங்க, அவங்களையும் குத்தம் சொல்ல முடியாது, அவங்களும் வாடகைக்கு இருக்கிறவங்கதான். வண்டியை அப்படியே திருப்பிச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோயிட்டோம். வேலை விட்டு வந்தா, தண்ணி கேட்டுக்கிட்டே வாசல் நுழையற மனுஷன் அவரு. ஒருதரம் அந்த வாசலைக் காட்டாம அனுப்பிட்டேன். இன்னமும் சந்து முக்குலதான் நிக்கிறாரு, எனக்குத் தெரியும்."

லூர்தம்மாள் காலை அமுக்கிக்கொண்டேயிருந்தாள்.

"என்னை அந்த வாசல் வழியாத் தூக்கணும்க்கா. நான் அது வழியா வெளிய வந்தேன்னா, அவரையும் கூட்டிக்கிட்டுப் போயிருவேன். வேற ஒண்ணும் வேணாம். மாலைகூட வேணாம்."

இந்த இடத்தில்தான் லூர்தம்மாள் தப்புச் செய்தாள். சிஸ்டர் சொன்னதை மறந்து, தன் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, "உன் வாசல் வழியாத்தான் நீ போவ பேச்சி, நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டாள். சொன்னபிறகுதான், வாயிலிருந்து போனது என்னவென்று அவளுக்கே உறைத்தது. முத்துப்பேச்சி அவளை ஒருமுறை பார்த்தாள், கண்ணை மூடினாள், வந்தநாளாக இல்லாத ஒரு தூக்கம் தூங்கினாள். அந்தத் தூக்கத்தைப் பார்த்தபிறகு யாரால் வாக்கைத் திருப்பி வாங்க முடியும்?

மறுநாள் தனக்கோடியின் இரும்புக் கடைக்குப் போனாள். அவர் மரியாதையான மனிதர். நாற்காலியைத் துடைத்துப் போடச் சொன்னார், கலர் சோடா வாங்கிவரச் சொல்லித் தந்தார், அவள் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"யம்மா, நான் கெட்டவன் இல்ல. நானும் வாடகை வீட்டுல கிடந்து, ஒவ்வொரு செங்கல்லா வாங்கி அந்தக் காம்பவுண்டைக் கட்டினவன். சாவு விழுந்த வீடுன்னா நாளைக்கு எவன் குடிவருவான்? அதுவும் நட்சத்திரம் பார்க்கணும். அவிட்டத்துல விழுந்துச்சுன்னு வைங்க, ஆறு மாசம் அடைப்பு, வீட்டையே பூட்டிப் போடணும். வாசல் வழியாக்கூடக் கொண்டுபோகக் கூடாது, சுவத்தை இடிச்சுத்தான் கொண்டுபோகணும். என் சுவத்தை நான் இடிக்கவா?"

"அவ உங்க குடித்தனக்காரிதானே அண்ணாச்சி?"

"உசுரோட இருக்கிறவரைக்கும்."

சொல்லிவிட்டு நாள்காட்டியை எட்டிப் பார்த்தார். "டாக்டரைக் கேட்டுச் சொல்லுங்களேன், அவிட்டத்துக்கு முந்தியா பிந்தியான்னு?"

லூர்தம்மாள் கலரைக் குடிக்காமல் மேசைமேல் வைத்துவிட்டு எழுந்தாள். ஒருவர் கொடுத்ததைக் குடிக்காமல் வைத்தது அவள் ஆயுசில் அதுதான் முதல் தடவை. அன்று சாயங்காலமே தனக்கோடி, எதற்கும் இருக்கட்டுமென்று, முத்துப்பேச்சி வீட்டுக் கதவில் ஒரு பெரிய மாங்காய்ப் பூட்டைப் போட்டு இழுத்துப் பார்த்துவிட்டுப் போனார். திண்டுக்கல் பூட்டு. யானை இழுத்தாலும் வராது.

அன்றைக்குப் புதன்கிழமை. புதன்கிழமை சேசுவை வளர்த்த சூசையப்பருக்கு உரிய நாள். நல்ல மரணத்துக்கு அவர்தான் பாதுகாவலர், ஏனென்றால் அவர் சாகும்போது ஒரு பக்கம் மாதாவும் ஒரு பக்கம் சேசுவும் உட்கார்ந்திருந்தார்கள் என்று எங்களுக்கு ஞானோபதேசத்தில் சொல்லித்தந்திருக்கிறார்கள். கோயிலில் மற்றப் பெண்கள் முழந்தாளிட்டுக் கண்ணீர்விட்டு மன்றாடிக்கொண்டிருந்தபோது, லூர்தம்மாள் அவர் பீடத்துக்கு முன்னால் போய், முழந்தாளிடாமல், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றாள்.

"சூசையப்பரே, நல்ல சாவு குடுக்கிறது உங்க வேலை. அதுபோக நீங்க தச்சர். ஒரு வாசல் உங்களுக்குப் பெரிய காரியமா? நான் வாக்குக் குடுத்தது தப்புதான், ஆனா குடுத்துட்டேன். எழுபது வயசுக்கு மேல பொய்க்காரின்னு பேரெடுக்க எனக்கு மனசில்ல. நீங்க ஒண்ணும் செய்யலேன்னா அடுத்த புதன்கிழமை நான் வரமாட்டேன். சொல்லிட்டேன்" என்றாள். கொண்டுவந்த மெழுகுவர்த்தியை ஏற்றாமல் பைக்குள் திருப்பிப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, படுத்துவிட்டாள்.

விடிந்து, துவைத்த விரிப்புகளைத் தோளில் போட்டுக்கொண்டு பெண்கள் கூடத்துக்குள் நுழைந்த பவுலம்மாள், வழியில் ஒரு நிலைவாசல் நிற்பதைப் பார்த்து, செருப்பைக் கழற்றிவிட்டு, வலது காலை எடுத்துவைத்துத் தாண்டி, விரிப்புகளை அலமாரியில் அடுக்கி முடித்தபிறகுதான், நேற்று இங்கே வாசல் இல்லையே என்று நினைத்தாள். திரும்பிப் பார்த்தாள். நின்றது. முத்துப்பேச்சியின் கட்டிலுக்கும் கூடத்தின் கதவுக்கும் நடுவில், பிடித்துக்கொள்ள ஒரு சுவரும் இல்லாமல், தரையில் ஒரு ஓடுகூட விரிசல் விடாமல், வேப்பமரத்து நிலை ஒன்று, இரண்டு கதவும் விரியத் திறந்து, அடியில் வாசப்படியோடு, மேலே படிகாரம் தொங்கும் கறுப்புக் கயிறோடு, பூசிப் பூசி மஞ்சள் தடித்துப்போன குங்குமப் பொட்டுகளோடு, போலியோ சொட்டு மருந்துக்காரர்கள் சாக்கட்டியில் போட்ட குறியோடு, மின்வாரியம் அடித்த தகரத்தோடு, பணியார அடுப்புப் புகை படிந்த இடது தூணோடு, நெடுநாளாக அங்கேயே நிற்பதுபோல நின்றது.

முத்துப்பேச்சி கட்டிலில் சாய்ந்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "தண்ணி தெளிக்கணும். தெளிக்க ஆள் இருக்கா இங்க?" என்றாள்.

அங்கே தனக்கோடியின் காம்பவுண்டில், அவள் வீட்டுச் சுவரில், ஆள் உயரத்துக்கு ஒரு ஓட்டை இருந்தது. நேராகச் செதுக்கினதுபோன்ற ஓட்டை. அதற்கு வெளியே தரையில், பூட்டினது பூட்டினபடியே, மாங்காய்ப் பூட்டு கிடந்தது.

இது எப்படி வந்தது என்பதைப் பற்றிச் சில நாள் பேசினார்கள். கோயிலுக்குப் போகிறவர்கள் சூசையப்பர் என்றார்கள். சந்துக்காரர்கள், அவள் குலதெய்வம் பேச்சியம்மன் என்றார்கள். டாக்டர், எனக்கு மாத்திரை எழுதுகிற வேலை இருக்கிறது என்றார். அதற்குப்பிறகு அந்தப் பேச்சு ஓய்ந்துவிட்டது, ஏனென்றால் வந்த வாசலோடு என்ன செய்வது என்பதே பெரிய வேலையாக இருந்தது. சமையல்கார மாரியாயி காலையில் அதன்முன் தண்ணீர் தெளித்துக் கோலம் போட ஆரம்பித்தாள், ஆஸ்பத்திரித் தரையில் வழுக்கும் என்று சிஸ்டர் சத்தம்போட்டதும் சின்னக் கோலமாக்கிக்கொண்டாள். நர்சுகள் நிலையில் அடித்திருந்த ஆணியில் குளுக்கோஸ் பாட்டிலைத் தொங்கவிட்டார்கள். பார்க்க வருகிறவர்கள் செருப்பை அதற்கு வெளியே விட்டார்கள். சுற்றிப் போக இரண்டு பக்கமும் தாராளமாக இடம் இருந்தும் யாரும் சுற்றிப் போகவில்லை, வாசல் இருக்கும்போது சுவரேறிக் குதிப்பது என்ன பழக்கம் என்பதுபோல எல்லோரும் அதன் வழியாகவே வந்து போனார்கள். காப்பகத்தின் நிர்வாகக் கமிட்டியிலிருந்து ஒருவர் வந்து, நடுக்கூடத்தில் இப்படி வழியை மறித்து ஒரு பொருள் நிற்கலாமா என்று கேட்டதற்கு, "மறிச்சுக்கிட்டு நிக்கலைங்க. அதுதான் வழி" என்றார் சிஸ்டர் ரெமிஜியா.

முத்துப்பேச்சிக்கு அதன்பிறகு வந்த தெம்பைப் பார்க்க வேண்டுமே! பிறந்ததிலிருந்து பிறத்தியார் வாசலில் குனிந்து நுழைந்தவள், சுவரில்லாத கூரையில்லாத ஒரு வீட்டுக்குக் குடும்பத்தலைவியாகிவிட்டாள். ஊசிபோட வருகிற நர்சை "வா, வா, உட்காரு" என்றாள். டாக்டரிடம், "காபி குடுக்க வசதியில்ல, கோச்சுக்காதீங்க" என்றாள். இரண்டு வாய் கஞ்சி இறங்காத வயிற்றை வைத்துக்கொண்டு, வந்தவர்களையெல்லாம் சாப்பிட்டுப் போகச் சொன்னாள்.

தனக்கோடி போலீசில் புகார் கொடுத்தார். இன்ஸ்பெக்டர் வந்தார், பூட்ஸைக் கழற்றிவிட்டு வாசலைத் தாண்டினார், நிலையைத் தட்டிப் பார்த்தார்.

"யார் தூக்கிட்டு வந்தது?"

"யாரும் தூக்கல சார். வந்துச்சு" என்றாள் லூர்தம்மாள்.

"எப்படிம்மா வரும்?"

"நீங்க எப்படி வந்தீங்க?" என்றாள் முத்துப்பேச்சி கட்டிலிலிருந்து. "கூப்பிட்டாங்க, வந்தீங்க. அதுவும் அப்படித்தான்."

இன்ஸ்பெக்டர் வெளியே போய்த் தனக்கோடியிடம் சொன்னது இதுதான். "அண்ணாச்சி, தானாப் போனதுக்குத் திருட்டுக் கேஸ் போட முடியாது. காணோம்னு வேணா எழுதலாம். அதுக்கும் இருக்கிற இடம் தெரிஞ்சுபோச்சே!"

ஆண்கள் கூடத்தில் காஜா மைதீன் என்றொருவர் இருந்தார். ஆயுசெல்லாம் லாரி ஓட்டியவர், அவருக்கும் வாடகை வீடுதான், அவர் வீட்டுக்காரரும் பிணம் உள்ளே வரக் கூடாதென்று ஏற்கெனவே சொல்லியனுப்பிவிட்டார். அவர் ஒருநாள் சக்கர நாற்காலியில் வந்து வாசலுக்கு வெளியிலேயே நிறுத்தி, "தங்கச்சி, உள்ள வரலாமா?" என்று கேட்டார்.

"வாங்க பாய். என்ன, வீடு பார்க்க வந்தீங்களா?"

"ஆமா. நமக்கும் இது வழியா ஒரு வழி கிடைக்குமான்னு கேட்க வந்தேன்."

முத்துப்பேச்சி நிலையை ஏற இறங்கப் பார்த்தாள். இது என் வாசல் என்று நினைத்திருப்பாள், நினைக்காமல் இருப்பாளா? பிறகு சொன்னாள், "இப்படிக் கேட்டுக்கிட்டுத்தான் நானும் கால்ல விழுந்தேன். நீங்க கேட்கவே வேணாம் பாய். வாசல் திறந்துதான் கிடக்குது."

அவருக்கு ஒரு வெள்ளிக்கிழமை முடிந்தது. ஜமாத்துக்காரர்கள் சந்தூக்குப் பெட்டியைக் கொண்டுவந்து, பெண்கள் கூடத்துக்குள் சுற்றிக்கொண்டு வந்து, அந்த வாசல் வழியாக அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். "போங்க பாய், நல்லபடியாப் போங்க" என்று முத்துப்பேச்சி கட்டிலிலிருந்தே வழியனுப்பினாள். அன்றிலிருந்து அங்கே யார் போனாலும் அந்த வாசல் வழியாகத்தான் போனார்கள், சொந்த வீடு உள்ளவர்களும்கூட.

இதெல்லாம் தனக்கோடியின் காதுக்குப் போனது. தன் வீட்டு நிலை வழியாக ஊரார் பிணமெல்லாம் போகிறதென்று கேட்டு அவருக்குச் சோறு இறங்கவில்லை. புதிதாக ஒரு நிலை செய்து வைக்கலாமென்று தச்சரைக் கூப்பிட்டார், அவர் ஓட்டையைப் பார்த்துவிட்டு, "பழசு இன்னும் உயிரோட இருக்கையில புதுசு வைக்கிறது முறையில்லீங்களே" என்று சொல்லிப் போய்விட்டார். ஓட்டையில் ஒரு தார்ப்பாயைத் தொங்கவிட்டார். தார்ப்பாய் போட்ட வீட்டுக்கு யாரும் குடிவரவில்லை.

நாள்காட்டியில் அவிட்டம் வந்தது. அன்று மத்தியானம் பிறக்கிறது. முத்துப்பேச்சிக்கு அதற்கு முந்தினநாளே மூச்சு மாறிவிட்டது, இழுத்து, நின்று, மறந்துபோனதுபோலிருந்து, மறுபடி இழுத்தது. அடைப்பு விழுவதற்கு முன்னால் நிலையைக் கொண்டுபோயே தீருவதென்று தனக்கோடி காலையிலேயே ஒரு குட்டியானை வண்டியும், கடப்பாரையோடு நாலு ஆட்களுமாக வந்து இறங்கினார்.

சிஸ்டர் ரெமிஜியா கூடத்தின் கதவில் நின்று, நோயாளி இருக்கிற நிலைமையைச் சொன்னார். தனக்கோடி கேட்கவில்லை. ஆட்களைப் பார்த்து, "பேர்த்துத் தூக்குங்கடா" என்றார்.

முத்துப்பேச்சியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்த லூர்தம்மாள், அந்தக் கையைப் பவுலம்மாள் கையில் கொடுத்துவிட்டு எழுந்து வந்தாள். வந்து, வாசப்படியின் மேல் உட்கார்ந்தாள். இந்தப் பக்கம் ஒரு கால், அந்தப் பக்கம் ஒரு கால் போட்டு, நிலையின் தூணில் முதுகைச் சாய்த்து, சேலையை இழுத்து மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். நம் ஊரில் எந்தப் பெண்ணாவது வாசப்படியில் உட்காருவாளா? பிள்ளைகள் விளையாட்டாக உட்கார்ந்தாலே அடித்து எழுப்புகிற ஊர் இது.

"எந்திரிங்கம்மா" என்றார் தனக்கோடி. "வாசப்படியில உட்காரக் கூடாது. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் அண்ணாச்சி."

"வீடு விளங்காது."

"அவ புருஷனைச் சந்து முக்குல நிறுத்தினீங்களே, அன்னைக்கே அது விளங்காமப் போச்சு."

"இந்த வாசல் என்னோடதும்மா!"

"உங்களோடதுதான். நான் இல்லேன்னு சொல்லலையே. உட்கார்ந்திருக்கிறது நான். தூக்குறதுன்னா என்னையும் சேர்த்துத் தூக்குங்க. நான் ஒண்ணும் கனமில்ல."

கடப்பாரைக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதற்குள் ஆண்கள் கூடத்திலிருந்தும் அடுக்களையிலிருந்தும் மற்ற உட்காருகிறவர்கள் வந்தார்கள். யாரும் கத்தவில்லை, யாரும் சபிக்கவில்லை. ஒவ்வொருத்தியாக வந்து நிலையைச் சுற்றித் தரையில் உட்கார்ந்தார்கள், தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்காருவதுபோல, பழகின உட்காரலாக. அவர்களுக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். அதை எத்தனைநேரம் செய்ய முடியும் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். மாரியாயி கரண்டியோடு வந்து உட்கார்ந்தாள். சிஸ்டர் ரெமிஜியா கடைசியாக ஒரு பெருமூச்சு விட்டு, அங்கியை ஒதுக்கிக்கொண்டு தானும் உட்கார்ந்தார்.

வெயில் ஏறியது. தனக்கோடி மணியைப் பார்த்துக்கொண்டேயிருந்தார். பிறகு தலையில் கைவைத்தார். "அவிட்டம் பொறந்தாச்சு. இனி யாரு நினைச்சாலும் இந்த வாசல் வழியா அவளைக் கொண்டுபோகக் கூடாது. சுவத்தை இடிச்சுத்தான் கொண்டுபோகணும்."

"எந்தச் சுவத்தை அண்ணாச்சி?" என்றாள் லூர்தம்மாள்.

அவர் நிலையின் வலது பக்கம் பார்த்தார், இடது பக்கம் பார்த்தார். இரண்டு பக்கமும் காற்றுதான் இருந்தது.

அப்போது கட்டிலிலிருந்து ஒரு குரல் வந்தது. காலையிலிருந்து பேசாதவள். கண்ணைத் திறக்கவில்லை. "யாரு, அண்ணாச்சியா வந்திருக்கிறது?" என்றாள் முத்துப்பேச்சி. ஒரு மூச்சு விட்டுவிட்டு, "வாசல்ல நிக்கவெச்சுப் பேசாதீங்கக்கா. உள்ள கூப்பிட்டு உட்காரச் சொல்லுங்க" என்றாள். அவ்வளவுதான் அவள் பேசியது.

லூர்தம்மாள் எழுந்திருக்கவில்லை. நீட்டியிருந்த காலை மட்டும் மடக்கி, ஒரு ஆள் நுழைகிற இடம் விட்டாள். தனக்கோடி நெடுநேரம் நின்றார். பிறகு செருப்பைக் கழற்றினார். தான் கட்டிய வீட்டின் வாசலைத் தாண்டி, தான் துரத்திய குடித்தனக்காரியின் வீட்டுக்குள் வந்து, பவுலம்மாள் தள்ளிய பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். என்ன செய்வதென்று தெரியவில்லை அவருக்கு. "அந்தப் பஞ்சை நனைச்சு உதட்டுல வைங்க" என்றாள் பவுலம்மாள். வைத்தார். அவள் கழுத்தெல்லாம் தண்ணீர் வழிந்தது. "இன்னும் கொஞ்சம் பிழிஞ்சு" என்றாள். பிழிந்து வைத்தார்.

பொழுது சாய்வதற்கு முன்னால், யாரும் கவனிக்காத ஒரு மூச்சில் முத்துப்பேச்சி முடித்துக்கொண்டாள்.

குளிப்பாட்டி, சந்துக்காரர்கள் கொண்டுவந்த சேலையைச் சுற்றி, பாடையில் வைத்தார்கள். லூர்தம்மாள் அப்போதுதான் வாசப்படியை விட்டு எழுந்தாள். கால் மரத்துப்போயிருந்தது, பிடித்துத் தூக்கிவிட்டார்கள். எழுந்தவள் நிலைக்கு வெளியே போய் ஒரு ஓரமாக நின்றாள், தாராளமாக இரண்டு பேர் சேர்ந்து நடந்துபோகிற அளவுக்கு இடம் விட்டு. கடப்பாரை கொண்டுவந்த நாலு பேரும்தான் பாடைக்குத் தோள்கொடுத்தார்கள். அவிட்ட நட்சத்திரத்தில், அடைப்புள்ள நேரத்தில், பணியாரப் புகை படிந்த அந்த வாசலுக்கு நேராக முத்துப்பேச்சி வந்தாள். முன்னால் வந்தவன் நெட்டையன். நிலைக்குள் நுழையப் போனான்.

"டேய், பார்த்து! குனிஞ்சு வாங்க, நிலை குட்டை, தலை தட்டும்!" என்றார் தனக்கோடி. வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அவர் சொல்லிச் சொல்லிப் பழகின வார்த்தை, அவரைக் கேட்காமலே வந்துவிட்டது. சொன்னபிறகு வாயைப் பொத்திக்கொண்டார். அவர்கள் குனிந்தார்கள். அவள் தட்டாமல் வெளியே போனாள்.

அந்த நிலை இன்னும் அங்கேதான் நிற்கிறது. சூசையப்பர் திருப்பி அனுப்பவில்லை, தனக்கோடியும் மறுபடி வண்டி கொண்டுவரவில்லை. காம்பவுண்டில் ஓட்டையைச் செங்கல் வைத்து அடைத்து, வேறு பக்கம் வாசல் வைத்துக்கொண்டார் என்கிறார்கள். ஆனால் லூர்தம்மாளுக்கு அதோடு மனம் ஆறவில்லை. ஒவ்வொருத்திக்காகவும் ஒவ்வொரு வாசலும் நடந்துவர வேண்டுமா என்று கேட்கிறாள். உட்காருகிற வேலை போக மிச்சமுள்ள நேரத்தில், காப்பகத்துக்கு வருகிறவர்களின் வாடகை வீட்டுச் சொந்தக்காரர்களைத் தேடித் தெருத்தெருவாகப் போகிறாள். கலர் கொடுத்தால், முதலில் பதிலைச் சொல்லுங்கள், பிறகு குடிக்கிறேன் என்கிறாளாம். பதில் வருகிறவரைக்கும் அவர்கள் வாசப்படியிலேயே உட்கார்ந்துகொள்கிறாளாம். அவளை எழுப்புகிற வித்தை யாருக்கும் தெரியவில்லை.

இதைக் கேட்டவர்களிடம் நான் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. உங்கள் வீட்டு மாடியிலோ பின்கட்டிலோ யாராவது வாடகைக்குக் குடியிருந்தால், அவர்கள் வீட்டுக்கு வண்டி வருகிற அன்றைக்கு மட்டும் கேட்டைப் பூட்டாதீர்கள்.